லாக்டவுனில் விட முடிந்த வேப்பிங்கை இப்போது ஏன் விட முடியவில்லை?

உங்கள் தம்பி ஒஹாயோவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வேப் (மின்சிகரெட்) இழுக்கப் பழகினார். 2020 மார்ச்சில் விடுதியைக் காலி செய்யச் சொன்னதும் நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டுக்கு வந்து, நான்கு மாதம் அதைத் தொடவே இல்லை. கல்லூரி திறந்ததும் மறுபடி ஆரம்பித்தார்; வேலைக்குப் போய் வருடங்கள் ஆகியும் விடவில்லை. ‘கொரோனாவில் மாணவர்கள் வேப்பிங்கை விட்டார்கள்’ என்றும் ‘கொரோனாவில் வேப்பிங் அதிகமானது’ என்றும் இரண்டு விதமாகப் படித்துவிட்டு எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அன்று சுலபமாக விட்டவன் இன்று ‘முடியவில்லை அக்கா’ என்பது சாக்கா என்பதைத்தான். சாக்கு இல்லை. அன்று அவரைவிட்டுப் போனது இடமும் கூட்டாளிகளும் கடையும். நிகோடின் அப்போது அவரை அவ்வளவாகப் பிடித்திருக்காது. இப்போது பிடித்திருக்கிறது.

அது எப்படி என்று புரிய, கையில் இருக்கும் கருவியிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு சின்ன லித்தியம் அயன் பேட்டரி, ஒரு கம்பிச்சுருள் (காயில் என்பார்கள்), அதை ஒட்டிப் பஞ்சுத் திரி, திரியை நனைக்கும் திரவம். திரவத்தில் புரோப்பலீன் கிளைகாலும் கிளிசரினும்தான் பெரும்பங்கு. மீதி வாசனைப் பொருளும் நிகோடினும். வாயில் வைத்து இழுத்ததும் உள்ளே இருக்கும் சென்சார் காற்றோட்டத்தை உணர்ந்து காயிலைச் சூடாக்கும். புகை மாதிரி வருவது நீராவி இல்லை, மிக நுண்ணிய திரவத்துளிகள். திரி காய்ந்திருக்கும்போது இழுத்தால் தொண்டையில் கருகல் அடிக்கும். அந்த நேரத்தில் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்றவை தாறுமாறாகக் கூடும். ‘தீரும் வரை இழுப்போம்’ என்று கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

2015இல் வந்த ஜூல் என்ற வேப் கருவி, இந்த விவகாரத்தின் போக்கையே மாற்றியது. பழைய திரவங்களில் நிகோடின் காரத்தன்மையோடு இருக்கும். செறிவு கூடினால் தொண்டை எரியும், யாரும் அதிகம் இழுக்க மாட்டார்கள். ஜூல் அதில் பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக மாற்றியது. எரிச்சல் போயிற்று, செறிவை ஏற்ற வழி கிடைத்தது. அதன் பாட் (கழற்றி மாட்டும் திரவக் குப்பி) ஒன்றில் 0.7 மி.லி. திரவம். மேலே ‘5%’ என்று இருக்கும், அது எடைக்கணக்கு. பருமன் கணக்கில் ஒரு மி.லி.க்கு 59 மி.கி. வருகிறது, ஆக ஒரு பாட்டில் ஏறத்தாழ 40 மி.கி. நிகோடின். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி ஒரு மி.லி.க்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது. ஒரு சிகரெட்டை இழுத்து முடித்தால் உடம்பில் சேர்வது சுமார் 1 முதல் 1.5 மி.கி. மட்டுமே. இன்னொரு வித்தியாசமும் உண்டு, எண்களில் வராது: சிகரெட் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் தீர்ந்துவிடும், எழுந்து வெளியே போக வேண்டும், நாற்றம் காட்டிக்கொடுக்கும். வேப்புக்கு முடிவே கிடையாது. தலையணை அடியில் கிடக்கும், தூக்கம் கலைந்தால் ஓர் இழுப்பு.

இனி ஆய்வுகள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்டுவருவது மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்தும் ‘மானிட்டரிங் தி ஃபியூச்சர்’ ஆய்வு. கடந்த 30 நாளில் நிகோடின் வேப் இழுத்ததாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் 2017இல் 6%, 2019இல் 22%. இரண்டே ஆண்டில் இந்த ஏற்றம். 2020இல் 19%. இதை வைத்துத்தான் ‘கொரோனா குறைத்தது’ என்ற செய்திகள் வந்தன. 22-க்கும் 19-க்கும் உள்ள இடைவெளியைப் பெரிய சரிவு என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஏறிக்கொண்டிருந்தது நின்றது என்பது வரை உறுதி. இரண்டாவது ஆதாரம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020 மே மாதம் 13 முதல் 24 வயதுக்காரர்களிடம் இணையவழி எடுத்த கணக்கெடுப்பு. வேப் பழக்கமுள்ளவர்களில் 56% பேர் கொரோனா தொடங்கியபின் பழக்கம் மாறியது என்றார்கள். மாறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிறுத்தியிருந்தார்கள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்திருந்தார்கள், ஏறத்தாழ 18% பேர் நிகோடினைக் கூட்டியிருந்தார்கள். பார்த்தீர்களா, நீங்கள் படித்த இரண்டு தலைப்புகளுக்கும் தீனி ஒரே அட்டவணையில் இருக்கிறது. சராசரி குறைந்தது என்பதும், ஒரு கூட்டம் ஆழமாக மூழ்கியது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதற்குக் கல்லூரி வாழ்க்கையின் அமைப்பே பதில். வெள்ளி இரவுப் பார்ட்டியில் அடுத்தவன் கையிலிருந்து வாங்கி இரண்டு இழுப்பு இழுப்பவர்கள் ஒரு ரகம். சொந்தமாகக் கருவிகூட வைத்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 6 அன்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் நேரடி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது; அடுத்த சில நாட்களில் மற்றவையும் வரிசையாக மூடின. பார்ட்டி இல்லை, கை மாற்றக் கூட்டாளி இல்லை, அம்மா அப்பா பக்கத்து அறையில். இந்த ரகத்தினர் விட்டார்கள் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. அவர்களிடமிருந்து தானாக உதிர்ந்தது. இன்னொரு ரகத்தினர் ஏற்கெனவே நாள் முழுக்க இழுப்பவர்கள். வகுப்பறை இருந்தபோது ஒரு மணி நேரமாவது கை கட்டுப்பட்டிருந்தது. ஜூமில் கேமராவை அணைத்துவிட்டால் அந்தத் தடையும் போயிற்று. தனிமை, தூக்கம் கெட்டது, தேர்வு பயம் எல்லாம் சேர்ந்து கையை அடிக்கடி அங்கே கொண்டுபோயிருக்கும். உங்கள் தம்பி 2020இல் முதல் ரகம், இன்று இரண்டாவது ரகம் என்றே நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

குறைவு முழுவதையும் கொரோனா கணக்கில் எழுதுவது தவறு என்பதையும் சொல்லவேண்டும். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நடந்தன. வேப் இழுத்தவர்களுக்கு வந்த கடும் நுரையீரல் பாதிப்பு (ஈவாலி என்று பெயர்) 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேரை மருத்துவமனைக்கு அனுப்பியது, 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்தான டி.ஹெச்.சி. திரவத்தில் கலந்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தாலும், பயம் எல்லாரையும் தொட்டது. 2019 டிசம்பர் 20இல் புகையிலைப் பொருள் வாங்கும் வயது நாடு முழுவதும் 21 ஆனது. அதாவது கல்லூரியின் முதலிரண்டு ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கடை சட்டப்படி மூடிக்கொண்டது. 2020 பிப்ரவரி 6 முதல் பழவாசனை பாட்களை விற்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) நடவடிக்கை எடுத்தது. ஆனால் அந்த விதி ஒருமுறை இழுத்துத் தூக்கியெறியும் டிஸ்போசபிள்களைத் தொடவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் பஃப் பார் உள்ளே வந்தது: 1.3 மி.லி., 5%, ஜூல் பாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நிகோடின், மாம்பழம் முதல் தர்பூசணி வரை வாசனை. உங்கள் தம்பி திரும்பிப் போன கல்லூரியில் அவர் கைக்கு வந்தது பெரும்பாலும் பழைய பொருளாக இருந்திருக்காது, அதைவிட வலுவானது. ‘அதே பழக்கத்துக்குத் திரும்பினான்’ என்று நாம் சொல்வது அதனால் அவ்வளவு சரியில்லை.

வேப் இழுத்தால் கொரோனா வருமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு கணக்கெடுப்பிலிருந்து 2020 ஆகஸ்டில் வந்த கட்டுரை, வேப் பழக்கமுள்ள இளைஞர்களுக்குத் தொற்று கண்டறியப்பட்டது ஐந்து மடங்கு அதிகம் என்றது. உலகம் முழுக்கச் செய்தியானது. 2021இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை, தன்னிடம் வந்த 69,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்து அப்படியொரு தொடர்பே தெரியவில்லை என்றது. முதலாவது, அவரவர் சொன்னதை நம்பிய ஒருமுறைக் கணக்கெடுப்பு. பார்ட்டிக்குப் போகிறவன் வேப்பும் இழுப்பான், கிருமியும் வாங்குவான் என்பதைப் பிரித்துப் பார்ப்பது அதில் கடினம். இரண்டாவதில் சோதனை முடிவு பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் யார் எவ்வளவு இழுத்தார் என்பது மேலோட்டம். ஐந்து மடங்கு என்ற எண்ணை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே கருவி நாலு வாய்க்குப் போனால் எச்சில் போகும், இழுக்க முகக்கவசத்தை இறக்கியாக வேண்டும். இதற்கு ஆய்வு தேவையில்லை. ‘நிகோடின் கொரோனாவைத் தடுக்கிறது’ என்று 2020 ஏப்ரலில் பிரான்சிலிருந்து கிளம்பிய கருத்தும் நிற்கவில்லை. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டும் பட்டை) ஒட்டிப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை.

இப்போது தம்பி. அவர் எவ்வளவு மாட்டியிருக்கிறார் என்பதை ‘ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு’ என்று கேட்டு அறிய முடியாது, அவருக்கே தெரியாது. மூன்று கேள்வி போதும். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு? அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடி பலமானது. நடு இரவில் எழுந்து இழுப்பதுண்டா? கருவியில் எத்தனை மி.லி., என்ன செறிவு, எத்தனை நாள் வருகிறது? இன்றைய டிஸ்போசபிள்கள் சில 10 மி.லி.க்கு மேல் பிடிக்கும். 10 மி.லி., மி.லி.க்கு 50 மி.கி. என்றால் உள்ளே 500 மி.கி. இருக்கிறது, பத்து நாளில் தீர்ந்தால் நாளுக்கு 50 மி.கி. நிகோடின் செலவாகிறது. அத்தனையும் இரத்தத்துக்குப் போகாது என்றாலும், சும்மா பொழுதுபோக்குக்கு இழுக்கிறான் என்ற பேச்சு அங்கே முடிந்துவிடும்.

அவருக்குத் தெரியாமல் சோதித்துப் பார்க்கலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருந்தால், வேண்டாம். சிகரெட்காரர்களுக்கு மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள். வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்தக் கருவி புகைக்காதவரின் அளவையே காட்டும். எச்சிலிலோ சிறுநீரிலோ கோட்டினின் (நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள்) பார்த்தால் தெரியும், ஆனால் விடுவதற்காக நிகோடின் கம் மெல்லுகிறவரும் அதில் மாட்டுவார்.

விடும் வழிகளில் அடிக்கடி கெட்டுப்போவது ‘கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்’ என்பது. 50 மி.கி.யிலிருந்து 20-க்கு இறங்கியதும் உடம்பு கணக்குப் பார்க்கும். இழுப்பு நீளமாகும், ஆழமாகும், அடிக்கடி ஆகும். நிகோடின் குறைந்தபாடில்லை, மற்ற இரசாயனங்கள் கூடிவிடும். குறைப்பதென்றால் செறிவோடு சேர்த்து இடத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும்: முதலில் படுக்கையறையில் இல்லை, அடுத்த வாரம் காரில் இல்லை, பிறகு காலை முதல் இழுப்பை ஒரு மணி நேரம் தள்ளு. லாக்டவுன் அவருக்குத் தெரியாமலேயே செய்ததும் இதைத்தான், இடத்தைப் பிடுங்கியது. மூன்று நான்கு வாரத்தில் ஒரு தேதி குறித்து அன்று முழுதாக நிறுத்த வேண்டும். கோபம், எரிச்சல், கவனம் சிதறுவது, தூக்கமின்மை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். அந்த மூன்றாம் நாளில் ‘இதற்கு அவன் இழுத்துக்கொண்டே இருந்திருக்கலாம்’ என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்வதாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு வாக்கியமே அவருக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடும்.

மருந்து உதவி உண்டு, அதை வெட்கமாக நினைக்க வேண்டாம். நிகோடின் பேட்சும் கம்மும் சிகரெட்டுக்கு என்று அளவு வகுக்கப்பட்டவை. வேப்புக்கு அளவு சொல்வது அதிலிருந்து பெறும் உத்தேசமே. விழித்த அரை மணிக்குள் இழுப்பவருக்குப் பொதுவாக 21 மி.கி. பேட்சில் தொடங்கி, திடீர் ஆசைக்கு 4 மி.கி. கம் கூடச் சேர்ப்பார்கள். பேட்சைச் சில வாரங்களில் 14, பிறகு 7 என்று இறக்குவார்கள். இரவில் கனவு தொந்தரவு செய்தால் படுக்கும்முன் பேட்சைக் கழற்றிவிடலாம். குமட்டலும் படபடப்பும் தலைசுற்றலும் வந்தால் அளவு கூடிவிட்டது. எரிச்சல் அடங்கவே இல்லை என்றால் போதவில்லை. கம்மை மென்றுகொண்டே இருக்கக் கூடாது, பெரும்பாலோர் சொதப்புவது இங்கேதான். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரம் வரை. விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல்தான் மிச்சம். காபியோ கோலாவோ குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் கம் போட்டால் வாயிலுள்ள அமிலத்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. காபி என்றதும் ஒன்று: சிகரெட்டை விடுகிறவர்களைக் காபியைப் பாதியாக்கச் சொல்வார்கள், ஏனென்றால் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கஃபீனை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. வேப்பில் புகை இல்லை, அதனால் அந்த விதி தம்பிக்குப் பொருந்தாது. பில்டர் காபியைப் பிடுங்கி அவரை இன்னும் எரிச்சலாக்க வேண்டாம்.

மாத்திரைகளில் வரெனிக்ளின் பற்றி இப்போது உறுதியாகப் பேச முடிகிறது. 16 முதல் 25 வயது வரையான 261 பேரிடம் நடந்து 2025இல் வெளியான சோதனையில், சிகிச்சையின் கடைசி நான்கு வாரமும் வேப்பைத் தொடாதவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 51%, போலி மாத்திரை எடுத்தவர்களில் 14%. அரை மி.கி.யில் தொடங்கி எட்டாம் நாள் முதல் காலை மாலை 1 மி.கி., மொத்தம் 12 வாரம் என்பதுதான் வழக்கம். மருத்துவர் சீட்டு வேண்டும், மனச்சோர்வோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும். ஆனால் அதே ஆய்வில் 24 வாரம் வரை தொடாமல் நீடித்தவர்கள் 28 சதவீதமே (போலி மாத்திரையில் 7%), ஆகவே மாத்திரை தீர்ந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குறுஞ்செய்தி வழி உதவியும் உண்டு. ‘திஸ் இஸ் குவிட்டிங்’ என்ற அமெரிக்கச் சேவையை 18 முதல் 24 வயதுக்காரர்கள் 2,588 பேரிடம் சோதித்தார்கள். ஏழாம் மாதத்தில் விட்டிருந்தவர்கள் 24.1%, சேவை இல்லாதவர்களில் 18.6%. அந்தச் சோதனை 2019 டிசம்பரில் தொடங்கி 2020 நவம்பர் வரை, அதாவது கொரோனாவின் ஊடே நடந்தது. குறுஞ்செய்தி கிடைக்காத பக்கத்திலும் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில் லாக்டவுனின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் நாள்முழுக்க இழுத்தவர்களும் விடுகிறார்கள் என்பது தெரிகிறது. எண் 1-800-784-8669இல் அழைத்தால் அவர் மாநிலத்து ஆலோசகர் இலவசமாகப் பேசுவார்.

பார்க்காமல் நான் சொல்ல முடியாதது, அவர் இழுப்பதற்கு அடியில் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்பது. விட்டு ஒரு மாதமான பிறகும் தூக்கமும் மனமும் சீராகவில்லை என்றால் அது நிகோடின் கணக்கில் வராது, மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். மூச்சுத்திணறலோடு காய்ச்சலும் வாந்தியும் வந்தால் வேப் இழுப்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஸ்கேனில் ஈவாலியும் கொரோனா நிமோனியாவும் ஒன்றுபோலத் தெரியும், சொன்னால்தான் பிரித்துப் பார்ப்பார்கள்.

பொங்கலுக்கு மதுரை போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, தேதி குறிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட் விற்பது, வைத்து வியாபாரம் செய்வது, கொண்டுவருவது எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், இரண்டும்கூட. ஒன்றே ஒன்றுதானே என்று பையில் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. மூன்று வாரம் கையில் கருவி இல்லை, பழைய கூட்டாளி இல்லை, அத்தை மாமா சூழ்ந்த வீடு. 2020இன் அந்த நான்கு மாதம் போலத்தான், ஆனால் இந்த முறை தெரிந்தே. நிறுத்தும் நாளை விமானம் ஏறும் நாளாக வைக்காதீர்கள். இருபது மணி நேரப் பயணத்தில் நிறுத்திய முதல் நாள் எரிச்சலையும் சேர்த்துச் சுமக்க முடியாது. ஒரு வாரம் முன்பே நிறுத்தி, பேட்ச் ஒட்டிய நிலையில் ஏறட்டும். பேட்சை அங்கிருந்தே தேவைக்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துவாருங்கள். கம் மதுரை மருந்துக் கடைகளில் கிடைக்கும், 2 மி.கி. என்றால் சீட்டுகூடக் கேட்க மாட்டார்கள். பழைய கருவியைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம், பேட்டரி தீப்பிடிக்கும், மிச்சத் திரவம் குழந்தை வாயில் பட்டால் ஆபத்து. உங்கள் கவுண்டியில் அபாயக் கழிவு வாங்கும் நாள் என்றைக்கு என்று பார்த்து, கிளம்பும் முன் அவரையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.